கடலோர உயிரினங்களைக் காக்க முதலில் எதைக் காக்க வேண்டும்?

கேள்வி இது: ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகங்களில் வைக்கிறார்கள், அலையாத்திக் கன்றுகளை ஆயிரக்கணக்கில் நடுகிறார்கள், கரையில் ஒதுங்கும் குப்பையை அள்ளுகிறார்கள், இவ்வளவு செய்தும் கடலோரத்தை நம்பி வாழும் உயிரினங்களில் பல ஏன் குறைந்துகொண்டே வருகின்றன? ஆளும் பணமும் குறைவாக உள்ள ஒரு சிறு குழு முதலில் எதில் கை வைக்க வேண்டும்?

என் விடையைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலோர வாழிடம் என்பது மணலும் சேறும் நன்னீரும் ஓதமும் (கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குவது) ஓயாமல் இடம் மாறிக்கொண்டிருப்பதால் உண்டாவது. அங்கே வாழும் உயிர்களும் அதே போல் ஓரிடத்தில் தங்காமல், ஒரு பருவத்துக்கு ஓரிடம், ஒரு வயதுக்கு ஓரிடம் என்று நகர்ந்துகொண்டிருப்பவை. இந்த இருவகை நடமாட்டத்தில் எங்கே அறுபட்டிருக்கிறது என்று கண்டறியாமல் நம் கண்ணுக்கு எளிதில் படும் இடத்தில் மட்டும் உழைத்தால், உழைப்பு வீணாகாவிட்டாலும் இழப்பு நிற்பதில்லை. ஆமை முட்டையும் அலையாத்திக் கன்றும் நம் கண்ணுக்கு எளிதில் படுபவை. அறுபட்ட இடம் பெரும்பாலும் வேறெங்கோ இருக்கிறது.

மணலில் இருந்து தொடங்குகிறேன். ஒரு கடற்கரையில் இன்று கிடக்கும் மணல் அங்கேயே பிறந்ததன்று. ஆறுகள் மலையிலிருந்து கொண்டு வந்து முகத்துவாரத்தில் கொட்டியதை அலையும் கரையோர நீரோட்டமும் கரைக்கு இணையாக இழுத்துச் செல்கின்றன. புயற்காலத்தில் கடல் எடுத்துக்கொண்டதை அமைதியான மாதங்களில் திருப்பித் தருகிறது. காற்று அதில் ஒரு பகுதியை உள்நோக்கி வீசி மணல்மேடாக்குகிறது. அடம்புக் கொடியும் இராவணன் மீசையும் அந்த மேட்டைப் பிடித்து வைத்திருக்கின்றன. (நம் பழம்பாடல்களில் நெய்தல் நிலத்து அடும்பு என வருவது இந்தக் கொடிதான்.) மணல்மேடு என்பது கரையின் சேமிப்புக் களஞ்சியம்: பெரும் புயல் வரும்போது கரை அதிலிருந்து எடுத்துக் கொடுத்துத் தப்பிக்கிறது. மேட்டைச் சமன்படுத்தி அதன்மேல் சாலையோ கட்டடமோ போட்டுவிட்டால் களஞ்சியம் பூட்டப்பட்டுவிடுகிறது. துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டப்படும் அலைத்தடுப்புச் சுவரும், அரிப்பைத் தடுக்கக் கட்டப்படும் தூண்டில் வளைவும் ஓடிவரும் மணலை ஒரு பக்கம் தேக்கி, மறு பக்கத்தைப் பட்டினி போடுகின்றன. அந்த மறு பக்கத்தில் அரிப்பு தொடங்குகிறது. அதற்கு ஒரு கற்சுவர் எழுகிறது. சுவரில் மோதித் திரும்பும் அலை அதன் அடியிலிருந்த மணலையும் வாரிக்கொண்டு போகிறது. இறுதியில் கல் மிஞ்சுகிறது, கரை மிஞ்சுவதில்லை. முட்டையிட வரும் ஆமை அந்தக் கல்லின் முன் வந்து திரும்பிவிடும்போது, எத்தனை பொரிப்பகம் இருந்தாலும் அதற்குப் பயனில்லை.

ஆமைகளைப் பற்றி விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. கேள்வியே அங்கிருந்துதான் தொடங்குகிறது. உலகில் இருக்கும் ஏழு கடலாமை இனங்களில் மிகவும் அரிதானது கெம்ப் சிற்றாமை. மெக்சிகோவின் ராஞ்சோ நுவேவோ கடற்கரையில் 1947இல் எடுக்கப்பட்ட ஒரு படச்சுருள், ஒரே நாளில் ஏறத்தாழ 40,000 பெண் ஆமைகள் கரையேறியதைக் காட்டியது. மெக்சிகோ அரசு 1966 முதல் அந்தக் கரைக்குக் காவல் போட்டது, முட்டைகளைப் பாதுகாத்தது. இருபது ஆண்டுகள் அவ்வாறு காத்த பின்பும், 1985இல் எண்ணப்பட்ட கூடுகள் மொத்தம் 702 மட்டுமே. அதாவது சில நூறு பெண் ஆமைகள். முட்டைகள் காப்பாற்றப்பட்டன, ஆனால் வளர்ந்த ஆமைகள் இறால் பிடிக்கும் இழுவை மடிகளில் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் மாண்டுகொண்டிருந்தன. கடலாமைக்கு நுரையீரல் உண்டு, செவுள் இல்லை என்பதை நினைவில் வைத்தால் இது விளங்கும்.

அதே காலத்தில், 1987இல், பெருந்தலை ஆமைகளைப் பற்றி வெளிவந்த ஒரு கணித ஆய்வு இந்தத் துறையின் சிந்தனையையே மாற்றியது. இடப்பட்ட முட்டைகள் ஒன்றுவிடாமல் பொரித்தாலும் அந்த ஆமைக் கூட்டத்தின் வீழ்ச்சி நிற்காது என்றும், இனப்பெருக்க வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் பெரிய இளம் ஆமைகள் சாவதைக் குறைத்தால் நிற்கும் என்றும் அது காட்டியது. காரணம் எளியது. ஓராமை ஒரு கூட்டில் நூறு முட்டைகளை ஒட்டி இடுகிறது. அவற்றில் பெரும்பாலானவை குஞ்சுப் பருவத்திலேயே மடியும் என்பது இயற்கை ஏற்கெனவே கணக்கில் வைத்திருக்கும் இழப்பு. பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் கடலில் பிழைத்து முட்டையிடும் வயதுக்கு வந்த ஓர் ஆமையின் சாவு அப்படிக் கணக்கில் வைக்கப்பட்டதன்று. இழுவை மடியின் நடுவில் கம்பிச் சட்டம் ஒன்றைப் பொருத்தி, இறால் உள்ளே செல்லவும் ஆமை ஒரு திறப்பின் வழியே வெளியேறவும் வகைசெய்யும் ஆமை விலக்கிக் கருவியை அமெரிக்கா 1987இல் விதிகளுக்குள் கொண்டுவந்தது, மெக்சிகோவும் பின்னர் ஏற்றது. கரையிலும் கடலிலும் ஒருசேரக் காவல் வந்த பிறகுதான் கெம்ப் சிற்றாமையின் கூடுகள் ஏறத் தொடங்கி, 2000களின் இறுதியில் 20,000ஐ ஒட்டி வந்தன. அதன்பின் அந்த ஏற்றம் சீராகத் தொடரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மீட்சி ஒரு நேர்கோடாக வருவதில்லை.

இதனால் பொரிப்பகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாயும் நரியும் மனிதரும் கூட்டைத் தோண்டிவிடும் கரையிலும், கூடு இருக்கும் இடத்தையே கடல் அரித்துவிடும் கரையிலும் அது தேவைதான். ஆனால் பாதுகாப்பான கரையில் கூட்டைக் கிளறாமல் விட்டுக் காவல் இருப்பதே சிறந்தது. முட்டை இடப்பட்ட சில மணி நேரத்தில் கரு முட்டையின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு இறந்துவிடும். கூட்டின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது: ஏறத்தாழ 29 பாகை செல்சியஸை ஒட்டி இருபாலும் பிறக்கும், அதற்கு மேல் போகப்போகப் பெண்களே பிறக்கும், இன்னும் ஏறினால் கருவே மடியும். நிழலற்ற வெளியில் நெருக்கமாகக் கூடுகளை வைத்து, ஆண்டுதோறும் அதே மணலைப் பயன்படுத்தும் பொரிப்பகம் தன்னை அறியாமலேயே ஆண் குஞ்சுகளே இல்லாத தலைமுறைகளைக் கடலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கலாம். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதியில் பிறந்த பேராமைகளில் (பச்சையாமை என்றும் சொல்வார்கள்) வளராத இளம் ஆமைகளை 2018இல் வெளியான ஓர் ஆய்வு சோதித்தபோது, 99 விழுக்காட்டுக்கு மேல் பெண்ணாகவே இருந்தன. அந்த ஆமைகள் முட்டையிடும் ரெய்ன் தீவில் இன்னொரு சிக்கலும் இருந்தது. தீவின் மணற்பரப்பு தாழ்ந்து, உயர் ஓதத்தின்போது கூடுகளுக்குள் நீர் ஏறி முட்டைகள் மூச்சுமுட்டி அழிந்தன. அங்கே முட்டைகளை எடுத்துச் செல்வதற்குப் பதிலாக, இயந்திரங்களைக் கொண்டு கரையின் மணலை உயர்த்தி அமைத்தார்கள். நோயின் இடத்தில் மருந்து போட்டதற்கு இதை நல்ல எடுத்துக்காட்டாகக் கருதுகிறேன்.

ஒளியைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. பொரித்து வெளிவரும் குஞ்சு, மிக வெளிச்சமான தொடுவானத்தை நோக்கி ஓடும். மனிதர் இல்லாத இரவில் அது கடலின் பக்கம். விளக்குகள் எரியும் கரையில் அது சாலையின் பக்கம். விளக்கைக் கீழ்நோக்கித் திருப்புவதும், மறைப்பு போடுவதும், வெண்ணிற விளக்குக்குப் பதில் செம்மஞ்சள் விளக்கு வைப்பதும், கூடு பொரிக்கும் மாதங்களில் அணைத்து வைப்பதும் மிகக் குறைந்த செலவில் உடனே பலன் தருபவை. இதைச் செய்யாமல் இருப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

அடுத்து, மக்கள் பெரும்பாலும் பாழ்நிலம் என்று நினைக்கும் இடத்துக்கு வருகிறேன்: ஓதம் வற்றும்போது வெளிப்படும் சேற்றுவெளி. பார்ப்பதற்கு அங்கே மரமில்லை, புல்லில்லை, ஒன்றுமே இல்லை. சேற்றுக்குள்ளோ புழுக்களும் சிப்பிகளும் சிறு நண்டுகளும் செறிந்து கிடக்கின்றன. அந்த உணவை நம்பித்தான் உலகின் கரையோரப் பறவைகள் கண்டம் விட்டுக் கண்டம் போகின்றன. பட்டைவால் மூக்கன் என்னும் பறவை ஒன்றின் உடலில் கருவி பொருத்தி 2007இல் பின்தொடர்ந்தபோது, அது அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துவரை 11,000 கிலோமீட்டருக்கு மேல், ஏறத்தாழ எட்டு நாள், எங்கும் இறங்காமல், உண்ணாமல், பருகாமல் பறந்து சேர்ந்தது. புறப்படும் முன் இப்பறவைகள் உடலில் கொழுப்பை நிரப்பிக்கொண்டு, சுமையைக் குறைக்கத் தம் இரைப்பையையும் குடலையும்கூடச் சுருக்கிக்கொள்கின்றன. வடக்கே திரும்பும் பயணத்தில் அவை இளைப்பாறி உண்பது சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடைப்பட்ட மஞ்சள் கடலின் சேற்றுவெளிகளில். அந்தச் சேற்றுவெளிகளின் பரப்பில் 28 விழுக்காடு 1980களுக்கும் 2000களின் பிற்பகுதிக்கும் இடையில் மறைந்துபோனதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. தென்கொரியாவின் சேமங்கும் கழிமுகத்தை 33 கிலோமீட்டர் நீளச் சுவர் 2006இல் அடைத்தது. ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் பரப்பு ஓதத்திலிருந்து துண்டிக்கப்பட்டது. அங்கே தங்கிய ‘கிரேட் நாட்’ என்னும் உள்ளான் வகைப் பறவைகள் பக்கத்துச் சேற்றுவெளிகளுக்கு நகர்ந்துவிடும் என்று சிலர் வாதிட்டார்கள். அவ்வாறு நடக்கவில்லை. பக்கத்து இடங்களில் அந்த எண்ணிக்கைக்கு ஈடான உயர்வு தென்படவில்லை. பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், அதே இனம் ஆண்டின் பெரும்பகுதியைக் கழிக்கும் ஆஸ்திரேலியக் கரைகளில் எண்ணிக்கை வீழ்ந்தது.

இந்த ஒரு நிகழ்வை நான் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. “இந்தக் கரை போனால் உயிரினங்கள் அடுத்த கரைக்குப் போய்விடும்” என்பது கடலோரத் திட்டங்கள் எல்லாவற்றிலும் கேட்கும் வாதம். அடுத்த கரை காலியாகக் கிடப்பதில்லை. அங்கே ஏற்கெனவே வேறு பறவைகள் உண்டுகொண்டிருக்கின்றன. உணவுக்கு ஓர் அளவு உண்டு. மேலும், ஆஸ்திரேலியாவில் எவ்வளவு அக்கறையோடு ஒரு கரையைக் காத்தாலும், நடுவழியில் உள்ள ஓரிடம் அழிந்தால் அந்த அக்கறை பலன் தராது. இத்தகைய இனங்களுக்குப் பாதுகாப்பு என்பது நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தமாகத்தான் இருக்க முடியும். ஈரநிலங்களுக்கான ராம்சர் உடன்படிக்கை 1971இல் கையெழுத்தானதன் நியாயமே இதுதான். நெதர்லாந்தும் ஜெர்மனியும் டென்மார்க்கும் தங்களுக்குள் பிரிந்துகிடக்கும் வாடன் கடலை 1978 முதல் கூட்டாகப் பேணி வருகின்றன. மஞ்சள் கடலிலும் காற்று சற்றுத் திரும்பியிருக்கிறது: சீனா 2018இல் கடலைத் தூர்த்து நிலமாக்கும் பெரும்பாலான பணிகளுக்குத் தடை விதித்தது, அந்தக் கரையின் பறவை வாழிடங்கள் 2019இலும், கொரியாவின் சேற்றுவெளிகள் 2021இலும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. இவற்றைவிட என் மனத்தைக் கவர்ந்தது ஒரு சிறு செயல். சீனாவின் தியாவ்சினி கரையில், உயர் ஓதத்தின்போது சேறு முழுதும் மூழ்கிவிட, பறவைகள் நிற்க இடமின்றித் தவித்தன. அங்கே இருந்த மீன் பண்ணைக் குளங்களில் ஏறத்தாழ 48 ஹெக்டேரை ஒதுக்கி, நீர்மட்டத்தைத் தாழ்த்தி, அவை ஓதம் இறங்கும்வரை ஓய்வெடுக்க இடம் அமைத்தார்கள். அழிவின் விளிம்பில் இருக்கும் கரண்டிமூக்கு உள்ளானும் அங்கே வந்து நிற்கிறது. உண்ணும் இடத்தைக் காத்துவிட்டு நிற்கும் இடத்தை மறந்துவிடுவது பல பாதுகாப்புத் திட்டங்களில் நேரும் பிழை.

நேரமும் இடத்தைப் போலவே முக்கியம். அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் மே மாத இறுதியில் குதிரைலாட நண்டுகள் முழுநிலவையும் அமாவாசையையும் ஒட்டிய உயர் ஓதங்களில் கரையேறி முட்டையிடுகின்றன. தென்னமெரிக்காவிலிருந்து ஆர்க்டிக் நோக்கிச் செல்லும் ‘ரெட் நாட்’ பறவைகள் அந்த இரண்டு வாரத்தில் இறங்கி, அந்த முட்டைகளை உண்டு, தம் எடையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக்கொண்டு புறப்படுகின்றன. 1990களில் அந்த நண்டுகள் மீன்பிடிப் பொறிகளில் இரையாக வைப்பதற்காகப் பெருமளவில் பிடிக்கப்பட்டன. கரையில் முட்டை குறைந்தது. எடை சேராத பறவைகள் வடக்கே போய்ச் சேரவும் குஞ்சு பொரிக்கவும் இயலாமல் குறைந்தன. நியூஜெர்சி 2008இல் நண்டு பிடிப்பதை நிறுத்தியது. பறவை 2014இல் அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது. பறவையைக் காக்கப் பறவையைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

இனி அலையாத்தி. இதில் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் தவறுகள் மிகுதி என்பதால் சற்றுக் கடுமையாகவே பேசுகிறேன். அலையாத்தி மரங்கள் கடலுக்குள் வளர்பவை அல்ல. சராசரிக் கடல்மட்டத்துக்குச் சற்று மேலே தொடங்கி மிக உயர்ந்த ஓதம் எட்டும் எல்லைவரை உள்ள பட்டையில்தான் அவை வளர்கின்றன; நாளின் பெரும்பகுதி அவற்றின் மூச்சுவேர்கள் காற்றில் இருந்தாக வேண்டும். ஆனால் அந்தப் பட்டையில் இறால் பண்ணையோ வயலோ குடியிருப்போ இருக்கும், அதற்கு உரிமையாளர் இருப்பார். எனவே யாருக்கும் சொந்தமில்லாத, ஓதம் நெடுநேரம் மூழ்கடிக்கும் சேற்றுவெளியிலோ கடற்புல்வெளியிலோ கன்றுகளை நட்டுவிடுகிறார்கள். நீண்ட விதைமுளைகளைக் கொண்ட சுரபுன்னை வகைகள் கையில் எடுத்து ஊன்ற எளிது என்பதால், அந்த இடத்துக்கு எந்த இனம் உரியது என்று பாராமல் அவையே நடப்படுகின்றன. பிலிப்பைன்ஸில் பல ஆண்டுகளாக நடந்த பெரும் நடவுகளை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வு, நீண்ட கால நோக்கில் பிழைத்தவை 10 முதல் 20 விழுக்காடு மட்டுமே என்று கண்டது. பிழைத்த இடங்களிலும் சிக்கல் உண்டு: பறவைகள் உண்ட சேற்றுவெளி அங்கே காடாக்கப்பட்டுவிட்டது. ஒரு வாழிடத்தை அழித்து இன்னொன்றை உண்டாக்குவதைப் பாதுகாப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

மாற்று வழி நெடுநாளாகவே தெரிந்ததுதான். ஃபுளோரிடாவில் ராபின் லூயிஸ் என்னும் சூழலியலாளர் பல பத்தாண்டுகள் வலியுறுத்தியது இது: அலையாத்தி அழிந்த இடத்தில் முதலில் ஏன் அது தானே திரும்பி வரவில்லை என்று கேளுங்கள். பெரும்பாலும் விடை நீரில் இருக்கும். மனிதர் போட்ட ஒரு மண்கரை ஓதத்தைத் தடுத்திருக்கும், ஒரு சாலை ஓடையை அடைத்திருக்கும், நிலம் தாழ்ந்து நீர் தேங்கியிருக்கும். அந்த மண்கரையைச் சரியான இடத்தில் உடைத்து, நிலமட்டத்தைச் சரிசெய்து, ஓதம் வந்து வடியும்படி செய்துவிட்டால், மிதந்து வரும் விதைகள் தாமே ஊன்றிக்கொள்கின்றன. வெவ்வேறு இனங்கள் தத்தமக்கு ஏற்ற உயரத்தில் அமைந்துகொள்கின்றன. பிச்சாவரத்தில் மேற்கொண்ட மீட்பும் இதே நெறியைச் சார்ந்தது. அங்கே காடு பகுதி பகுதியாக வெட்டப்பட்ட பின் நிலம் குழிந்து, உள்ளே வந்த ஓதநீர் வடிய வழியின்றித் தேங்கி, வெயிலில் வற்றி, மண்ணில் உப்பு ஏறிக் கன்று எதுவும் பிழைக்காத நிலை ஏற்பட்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஓதத்தை உள்ளே வரவும் வெளியேறவும் விட்டபோது உப்பு கழுவப்பட்டு, காடு திரும்பியது. அங்கேயும் நடவு உண்டு. ஆனால் வாய்க்காலுக்குப் பின் வந்த நடவு.

கடற்புல்லின் கதை இதைவிடக் குறைவாக அறியப்பட்டது. ஆழம் குறைந்த நீரில் ஒளி எட்டும் தரையில் வளரும் இந்தப் பூக்கும் தாவரங்களை நம்பித்தான் ஆவுளியா என்னும் கடற்பசுவும் பேராமையும் வாழ்கின்றன, எண்ணற்ற மீன்குஞ்சுகள் ஒளிந்து வளர்கின்றன. கடற்புல்லின் முதன்மைப் பகை பெரும்பாலும் கடலில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. கழிவுநீரும் வயல்களிலிருந்து வடியும் உரமும் கடலில் சேரும்போது பாசி பெருகி நீரைக் கலக்குகிறது. ஒளி தரையை எட்டாமல் புல் மடிகிறது. ஃபுளோரிடாவின் இந்தியன் ஆற்றுக் காயலில் இவ்வாறு புல் அழிந்ததால் கடற்பசுக்கள் பட்டினியில் மடிந்தன; 2021இல் மட்டும் அம்மாநிலத்தில் இறந்தவை சுமார் 1,100. அதே ஃபுளோரிடாவின் தாம்பா விரிகுடாவில், கழிவுநீர் சுத்திகரிப்பைக் கடுமையாக்கி நைட்ரஜன் வரத்தைப் பல பத்தாண்டுகள் குறைத்ததன் பயனாக, ஏறத்தாழப் பாதி அழிந்திருந்த கடற்புல் 2010களின் நடுவில் 1950களின் பரப்பை மீண்டும் எட்டியது. ஆனால் அதன்பின் மறுபடி குறையத் தொடங்கியது. வர்ஜீனியாவின் கடலோரக் காயல்களில் 1930களில் நோயும் புயலும் சேர்ந்து அழித்த ஈல் புல் என்னும் கடற்புல் வகை, அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் திரும்பவில்லை. அங்கே நீர் தெளிவாகத்தான் இருந்தது, விதைதான் இல்லை. எனவே 1999 முதல் ஏழு கோடிக்கு மேற்பட்ட விதைகளைத் தூவினார்கள், இன்று 3,600 ஹெக்டேர் அளவுக்குப் புல்வெளி பரவியிருக்கிறது. நடுவது எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்பதற்கு இந்த இரண்டு இடங்களையும் சேர்த்துப் பார்த்தாலே போதும். தாம்பாவில் குறை நீரில் இருந்தது, வர்ஜீனியாவில் விதையில் இருந்தது.

கடல்மட்டம் உயர்வது இவை அனைத்தையும் நெருக்குகிறது. அலையாத்தியும் உப்புச் சதுப்பும் இடம் இருந்தால் உள்நோக்கி ஏறிச் செல்லக்கூடியவை. சேறு வந்து படிந்தால் தம் தரையைத் தாமே உயர்த்திக்கொள்ளவும் வல்லவை. பின்னால் சுவர் நின்று, மேலே ஆற்றில் அணை சேற்றைப் பிடித்து வைத்திருந்தால் இரண்டும் இயலாது. இங்கிலாந்தின் வாலசீ தீவில், இலண்டனின் நிலத்தடி ரயில்பாதைக்காகத் தோண்டிய சுமார் 30 லட்சம் டன் மண்ணைக் கொண்டுவந்து தாழ்ந்துபோன வயல்களை உயர்த்தி, 2015இல் கடற்சுவரை உடைத்து ஓதத்தை உள்ளே விட்டார்கள். கடலைத் தடுத்து வைத்த சுவரை மனிதரே உடைப்பது பலருக்கு ஒப்பாத செயலாகத் தோன்றும். ஆனால் ஓதம் புகுந்த நிலத்தில் வளரும் சதுப்பு அலையின் வேகத்தைத் தணிப்பதால் பின்னால் கட்டும் சுவர் தாழ்வாக இருந்தாலே போதுமானது. அமெரிக்காவின் எல்வா ஆற்றில் 2011க்கும் 2014க்கும் இடையில் இரண்டு பழைய அணைகள் அகற்றப்பட்டபோது, ஏறத்தாழ நூறாண்டுகளாகத் தேங்கிய வண்டலும் மணலும் கடலுக்கு வந்தன. அதுவரை அரிக்கப்பட்டுக் கூழாங்கல்லாய்க் கிடந்த முகத்துவாரத்தில் மணற்கரையும் திட்டுகளும் எழுந்தன.

சில நேரங்களில் ஓர் உயிரினமே வாழிடத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. கலிபோர்னியாவின் எல்க்ஹார்ன் கழிமுகத்தில் கடல் நீர்நாய்கள் திரும்பி வந்து நண்டுகளை உண்ணத் தொடங்கியபோது, அந்த நண்டுகள் துளைத்துச் சரித்துக்கொண்டிருந்த உப்புச் சதுப்பின் ஓரங்களில் அரிப்பின் வேகம் வெகுவாகக் குறைந்தது.

மனிதரைப் பற்றிச் சொல்லாமல் இந்த விடை முழுமையாகாது. கடலோரத்தில் ஆளில்லாத இடம் மிகக் குறைவு. அங்கே வாழ்பவர்களை வெளியேற்றித்தான் உயிர்களைக் காக்க முடியும் என்ற எண்ணம் நியாயமற்றது, பலிக்கவும் பலிக்காது. கூடு எங்கே, எந்த மாதம், எந்தக் காற்றில் ஆமை ஏறும் என்பதை எந்த அறிக்கைக்கும் முன்னால் அறிந்திருப்பவர்கள் மீனவர்கள். கோஸ்டாரிகாவின் ஒஸ்தியோனாலில் ஆமைகள் பெருங்கூட்டமாக ஏறும்போது, பின்னர் வருபவை முன்னர் வந்தவற்றின் கூடுகளைத் தோண்டி அழித்துவிடும். அவ்வாறு அழியவிருக்கும் தொடக்க நாள் முட்டைகளை எடுக்கும் உரிமையை 1980களில் அரசு ஊராருக்குச் சட்டப்படி கொடுத்தது. அதற்கு ஈடாக அவர்கள் கரையைக் காவல் காக்கிறார்கள், தூய்மை செய்கிறார்கள். இந்த ஏற்பாட்டைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு, எல்லாக் கரைக்கும் இது பொருந்தவும் பொருந்தாது. ஆயினும் காவலும் பயனும் ஒரே கையில் இருக்கும்போது காவல் நிலைக்கிறது என்பதற்கு இது சான்று. வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் மணலில் முட்டையிடும் ‘பைப்பிங் பிளவர்’ பறவை 1986இல் சுமார் 790 இணைகளாக இருந்தது. கூடு கட்டும் மாதங்களில் கயிறு கட்டி ஓரிடத்தை ஒதுக்குவது, வண்டியும் நாயும் அங்கே வராமல் பார்த்துக்கொள்வது போன்ற எளிய ஏற்பாடுகளால் 2,000 இணைகளைத் தாண்டியது. கரையை முழுதும் மூடவில்லை. சில மாதங்களுக்குச் சில பகுதிகள் மட்டும் ஒதுக்கப்பட்டன. அந்த ஏற்பாட்டை ஆண்டு தவறாமல் செய்கிறார்கள் என்பதுதான் அதன் வலிமை.

இப்போது சிறு குழு என்ன செய்யலாம் என்ற பகுதிக்கு வருகிறேன். முதலாண்டில் எதையும் நடாதீர்கள், எதையும் இடம் மாற்றாதீர்கள். ஒரே கரைப்பகுதியை எடுத்துக்கொண்டு, மாதந்தோறும் முழுநிலவையும் அமாவாசையையும் ஒட்டிய உயர் ஓதத்திலும் தாழ் ஓதத்திலும் ஒரே வழியில் நடந்து பாருங்கள். ஓதம் எதுவரை ஏறுகிறது, மணல் எந்த மாதம் சேர்ந்து எந்த மாதம் குறைகிறது, எந்த ஓடை அடைபட்டிருக்கிறது, பறவைகள் எங்கே உண்கின்றன, உயர் ஓதத்தில் எங்கே போய் நிற்கின்றன, இறந்த ஆமைகள் எந்த மாதங்களில் ஒதுங்குகின்றன, இரவில் எந்த விளக்குகள் கரையில் விழுகின்றன என்பவற்றைத் தேதியோடும் அதே இடத்திலிருந்து எடுத்த படத்தோடும் குறித்து வையுங்கள். முதியவர்களிடம் கேட்டு, முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் கரை எங்கே இருந்தது என்பதையும் சேருங்கள். ஓராண்டின் முடிவில் அறுபட்ட இடம் எது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். சுவரும் துறைமுகமும் பற்றிய பொது விசாரணை நடக்கும்போது, கையில் வைத்துப் பேச உங்களிடம் மட்டும்தான் அந்தக் கரையின் பதிவு இருக்கும். இறந்த ஆமைகள் இழுவைப்படகுகள் கடலில் இருக்கும் மாதங்களில் மட்டும் ஒதுங்குமானால், பொரிப்பகத்துக்கு வைத்திருந்த பணத்தை மீனவர்களோடு உட்கார்ந்து வலையைப் பற்றியும் மீன்பிடி நேரத்தைப் பற்றியும் பேசுவதற்குச் செலவிடுங்கள். கூடுகள் பொரித்தும் குஞ்சுகள் சாலையில் கிடக்குமானால் விளக்குக் கம்பங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போங்கள். அலையாத்தி திரும்பாத திடலுக்கு ஒரு மண்வெட்டியும் நீர்மட்டக் குழாயும் போதும்: ஓதம் எங்கே நிற்கிறது என்று அளந்து, உரியவர்களின் ஒப்புதலோடு அடைபட்ட வாய்க்காலைத் திறந்துவிட்டு, அடுத்த விதைப் பருவம் வரை காத்திருந்து பாருங்கள்.